அணைய மறுத்த சின்ன விளக்கு

ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைப்பதற்குப் பெரும் புயலொன்று வேண்டும் என்பதில்லை. சுண்டுவிரல் அளவான சிறு விளக்கொன்றே அதற்குப் போதுமானது. திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்து வாழும் என் மைத்துனர் வீட்டில், சென்ற மாரி காலத்தில் நடந்த சம்பவம் இதற்குச் சான்று. அதனை இங்கு எடுத்துரைப்பதால் இரண்டு நன்மைகள் உண்டு. வீட்டில் வண்டி வைத்திருப்போருக்கு அது கைகொடுக்கும். பௌதிகம் படிக்கும் மாணவருக்கோ, பாடப்புத்தகத்தில் அச்சாகிக் கிடக்கும் ஓமின் விதி வீட்டு முற்றத்திலே எவ்வாறு உயிர்பெற்று நிற்கிறது என்பதை அது காட்டும்.

என் மைத்துனர் வாடகைக்கு வான் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். அவருடைய வான், யப்பானில் பல வருடங்கள் ஓடிய பின் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த டீசல் வண்டி. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டில் அது மீண்டும் அனுமதிக்கப்படும் வரை புது வண்டி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஆகவே, உள்ள வண்டியையே துடைத்து, மினுக்கி, சின்னச் சின்ன அலங்காரங்கள் செய்து புதிதுபோல வைத்துக்கொள்வது எங்கும் வழக்கமாயிற்று. அவ்வலங்காரங்களுள் மிக மலிவானது, வண்டியின் உள்ளே எரியும் பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்துவது.

மைத்துனரின் மூத்த மகன் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவிற் பயிலும் மாணவன். ஒரு சனிக்கிழமை நண்பகல், கடையில் வாங்கிவந்த விளக்குகளை அவனே பொருத்தினான். முன்னிருக்கைக்கு மேலே ஒன்று, நடுவிலே ஒன்று. பின்கதவின் அருகிலுள்ள விளக்குக்கு மட்டும் புதிய குமிழ் நீளம் பொருந்தவில்லை. ஆகவே அங்கே பழைய குமிழையே திரும்ப மாட்டிவிட்டான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. தந்தையும் மகனுமாக வண்டியைப் படங்கினால் மூடிவிட்டு உள்ளே சென்றனர்.

ஞாயிறு விடியற்காலையில் முற்றம் பெருக்க வந்த தாயார், படங்கின் இடுக்கு வழியே வண்டிக்குள் மின்மினி போன்ற நீல வெளிச்சத்தைக் கண்டார். கதவுகள் யாவும் சாத்தியே இருந்தன. எனினும் முன்விளக்கு முற்றாக அணையாமல் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. "புது விளக்கு அப்படித்தானாக்கும்" என்று எண்ணி அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்கு ஒரு பயணம் பேசப்பட்டிருந்தது. அயல் வீதியிலுள்ள மூதாட்டி ஒருவருக்குக் கண்டியில் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள். மைத்துனர் குளித்து, திருநீறு பூசி, வண்டியில் ஏறித் திறப்பைத் திருப்பினார். "டிக், டிக்" என்ற ஓசை மாத்திரமே எழுந்தது. வண்டி அசையவில்லை. பற்றரி இறங்கிப்போய்க் கிடந்தது.

நல்ல வேளையாக வேறொரு வான் கிடைத்தது. மூதாட்டி உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் மைத்துனருக்கு அன்றைய உழைப்புப் போயிற்று. அதனிலும் பெரிதாக, "சொன்ன நேரத்துக்கு வருகிறவர்" என்று இருபது வருடமாகக் காத்த பெயருக்குக் களங்கம் வந்தது. அந்தச் சினமெல்லாம் மகன்மேல் திரும்பியது. முன்னிருக்கைக்கு மேலே அந்தச் சின்ன விளக்கு இன்னமும் மங்கலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா?

"அப்பா, நான் லைற்றைத்தான் மாத்தினன். பற்றரியைத் தொடேல்லை" என்றான் பையன்.

"அந்த லைற்றுத்தானே இரண்டு நாளா இருந்து பற்றரியைக் குடிச்சிருக்குது! இனி வண்டியில கை வைக்காதை" என்றார் தந்தை.

பையன் தேநீரையும் தொடாமல் திண்ணையில் போய் அமர்ந்துவிட்டான். ஆறு மணிக்கு முன்னர் எனக்குத் தொலைபேசி வந்தது. "அண்ணை, நீங்கள் ஒருக்கால் வந்து இவையள் இரண்டு பேரையும் பாருங்கோ" என்றார் என் மைத்துனரின் மனைவி. நானோ முப்பது வருடம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கையிலே சிறிய மின்மானி ஒன்றை எடுத்துக்கொண்டு, வழியிலே பழகிய வயரிங் பாஸ் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

விளக்கின் பிறப்பும் வளர்ப்பும்

வழக்கை விசாரிக்கு முன்னர், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நியாயம்.

பழைய குமிழின் உள்ளே தங்குதன் என்னும் உலோகத்தாலான மெல்லிய இழை ஒன்றிருக்கிறது. மின்னோட்டம் அதனூடே பாயும்போது 2,000 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறி அது ஒளிர்கிறது. அதாவது, அது முதலில் அடுப்பு, பின்னர்தான் விளக்கு. உண்ணும் மின்சக்தியில் பெரும் பங்கை அது வெப்பமாகவே கக்கிவிடும்.

எல்.ஈ.டி. என்பதோ நமது பாடநூல்கள் 'ஒளிகாலும் இருவாயி' என்று குறிப்பிடும் பொருள். அதில் இழையுமில்லை, தழலுமில்லை. குறைகடத்திப் பளிங்கு ஒன்றின் இரு பகுதிகள் சந்திக்கும் எல்லையில் இலத்திரன்கள் தாவி வீழ்கையில், அவை இழக்கும் சக்தி நேராக ஒளியாக வெளிப்படுகிறது. 1907ஆம் ஆண்டில் ரவுண்ட் என்னும் ஆங்கிலேயர், சிலிக்கன் காபைட்டுத் துண்டொன்றில் மின்சாரத்தைச் செலுத்தியபோது மஞ்சளான ஒளி தோன்றக் கண்டார். 1920களில் ருசிய நாட்டு லோசெவ் அதனை ஆழமாக ஆராய்ந்தார். 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலொனியாக் கண்ணுக்குப் புலப்படும் செவ்வொளி தரும் இருவாயியைச் செய்து காட்டினார். சிவப்பு வந்தது, பச்சை வந்தது. ஆனால் நீலம் மாத்திரம் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. நீலமின்றி வெண்ணொளி செய்வதற்கு வழியில்லை.

அந்த நீலத்தை 1990களில் வெற்றிகரமாக வெளிக்கொணர்ந்தவர்கள் அக்கசாகி, அமனோ, நக்கமுரா என்னும் யப்பானிற் பிறந்த மூவர். 2014ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக்கும் பொடியொன்றைப் பூசியதும் வெள்ளை ஒளி பிறந்தது. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி திருகோணமலையின்மேல் குண்டு பொழிந்தவை யப்பானிய விமானங்கள். இன்று அதே துறைமுகத்தோரம் ஓடும் வண்டிகளிற் பலவும் அவற்றினுள்ளே எரியும் வெள்ளை விளக்கின் மூலமும் அந்நாட்டிலிருந்து வந்தவை. காலம் இவ்வாறுதான் கணக்குத் தீர்க்கிறது போலும்!

இழைக் குமிழுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேற்றுமை ஒன்றை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இழைக் குமிழ் பெருந்தீனிக்காரன். சிறிதளவு மின்னோட்டம் கொடுத்தால் அது கண்டும் காணாததுபோல் இருண்டு கிடக்கும். எல்.ஈ.டி.யோ சிறுதீனிக்காரன். ஒரு மில்லியம்பியர், அதாவது அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும், "நான் இருக்கிறேன்" என்று ஒளிரத் தொடங்கிவிடும்.

உப்புக் காற்றின் வேலை

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனியும் மழைத் தூறலுமாக இருந்தது. அயலவரின் பற்றரியைத் துணைக்கு இணைத்தோம். பாஸ் முன்விளக்கைக் கழற்றி, அதன் இடத்தில் என் மின்மானியின் இரு முனைகளையும் வைத்தார். கதவுகள் சாத்தியிருந்தும் மானி 2 மில்லியம்பியரைக் காட்டியது.

வண்டியின் உள்விளக்கு எவ்வாறு இயங்குகிறது என்பதை இங்கே விளக்குவது நன்று. பெரும்பாலான யப்பானிய வண்டிகளில் பற்றரியின் நேர்முனை எந்நேரமும் விளக்கு வரையில் வந்து காத்து நிற்கும். விளக்கின் மறுமுனை கதவோரத்திலுள்ள சிறு குமிழாளிக்குச் செல்லும். கதவு திறந்ததும் அவ்வாளி வெளியே நீண்டு, வண்டியின் இரும்புடலோடு தொடர்பை உண்டாக்கும், விளக்கு எரியும். கதவு சாத்தியதும் ஆளி அமுங்கித் தொடர்பு அறுபடும், விளக்கு அணையும். அவ்வாளியை மழையினின்று காப்பது ஒரு சிறு இறப்பர் உறை மாத்திரமே.

"மாஸ்ரர், இதைப் பாருங்கோ" என்று பாஸ் ஆளியைக் கழற்றிக் காட்டினார். இறப்பர் உறை வெடித்திருந்தது. உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு. அதன்மேல் வெண்ணிறப் பொருக்கு. அது உப்பு.

கொட்டியாரக்குடாவிலிருந்து வீசும் காற்றிலும், கோணேசர் மலையடியில் மோதித் தெறிக்கும் அலையின் துளிகளிலும் கலந்து வரும் உப்பு, இவ்வூரில் எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. சமையலுப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டியதும் அது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். உலர்ந்த உப்பு மின்னைக் கடத்தாது; கரைந்த உப்போ நன்றாகக் கடத்தும். இரவிலும் விடியலிலும் அந்த ஈரப்படலம் அறுபட்ட ஆளிக்குக் குறுக்கே மெல்லிய பாலம் கட்டிவிடுகிறது. அதனூடே 2 மில்லியம்பியர் கசிகிறது. இழைக் குமிழ் இருந்த காலத்திலும் இதே கசிவு இருந்திருக்கலாம். அதைக் காட்டிக்கொடுக்க அக்குமிழால் இயலவில்லை. புதிய விளக்கோ உடனே கோள் சொல்லிவிட்டது.

மழை விட்டு வெயில் எறித்த நண்பகலில் ஆளியை மீண்டும் பூட்டி அளந்து பார்த்தோம். மானியின் அளவு பூச்சியத்தையே எட்டிவிட்டது. உப்பின் குற்றம் அத்துடன் உறுதியாயிற்று.

கணக்குச் சொன்ன தீர்ப்பு

ஆனால், நான் கதையில் முந்திச் செல்லலாகாது. காலையில் 2 மில்லியம்பியர் என்று கண்டதுமே பையனிடம் கொப்பியையும் பேனாவையும் கொடுத்தேன்.

"இந்தப் பற்றரியின் கொள்ளளவு 65 அம்பியர் மணி. 2 மில்லியம்பியர் வீதம் எடுத்தால் எத்தனை மணி நேரத்தில் அது வெறுமையாகும்? கணக்குப் போடு" என்றேன்.

அவன் போட்டான். 65ஐ 0.002ஆல் வகுத்தால் 32,500 மணி. நாளாக்கினால் 1,354 நாள். கிட்டத்தட்ட மூன்று வருடமும் எட்டு மாதமும்! அதற்குள் பற்றரி முதுமையாலேயே இறந்துவிடும். வண்டியின் மணிக்கூடும் வானொலியின் நினைவும் சேர்ந்து, நிறுத்தி வைத்த வண்டியில் இதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகமாக உண்ணும். அவற்றை எவரும் குறை கூறுவதில்லை.

பையன் நிமிர்ந்து தந்தையைப் பார்த்தான். தந்தை கொப்பியைப் பார்த்தார்.

"அப்ப, அத்தான், பற்றரியைக் குடிச்சது ஆர்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒருவர் குற்றவாளி அல்லர் என்று காட்டினால் போதாது. உண்மைக் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். இதற்கு எளிய வழியொன்று இருக்கிறது. வாசகர்கள் தங்கள் வண்டியிலும் செய்து பார்க்கலாம். வண்டியை இயக்கும் திறப்பை மட்டும் அவ்வேளையில் தொடுதலாகாது. திறப்பைக் கழற்றிக் கதவுகளைச் சாத்திய பின், பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் முனைக்கும் நடுவே 10 அம்பியர் வரை தாங்கும் மின்மானியை இணைக்க வேண்டும். உறங்கும் வண்டியொன்று பொதுவாக 20 முதல் 50 மில்லியம்பியர் வரையில்தான் எடுக்கும். எங்கள் மானி காட்டியதோ 0.86 அம்பியர்!

பின்னர் பாஸ், பியூஸ் என்று நாம் சொல்லும் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றுவார், மானியைப் பார்ப்பார், திரும்பப் பூட்டுவார். நான்காவதாக உள்விளக்குகளுக்குரிய உருகியைக் கழற்றியதும் மானி சட்டென்று 0.03க்கு இறங்கியது. ஆகவே கள்வன் உள்விளக்குத் தொடரிலேயேதான் இருக்கிறான். ஆனால் அந்த மங்கல் விளக்கு அல்லன். அப்படியானால்?

பையன் ஒன்றும் பேசாமல் ஓடிச்சென்று பின்கதவைத் திறந்து, அடுக்கியிருந்த பாய்களையும் பெட்டிகளையும் விலக்கினான். அங்கே, அவன் மாற்றாமல் விட்ட பழைய 10 வாற்றுக் குமிழ் எரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மூடியைக் கழற்றிப் பூட்டுகையில், அதன் சிறு ஆளி 'கதவு' என்ற நிலையிலிருந்து 'எந்நேரமும்' என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டது. பாய்கள் மறைத்தன; கறுத்த கண்ணாடி மறைத்தது; அதற்குமேல் படங்கும் மறைத்தது.

கணக்கு மீண்டும் கொப்பிக்கு வந்தது. 10 வாற்றை 12 வோல்ற்றால் வகுத்தால் 0.83 அம்பியர். சனி நண்பகலிலிருந்து திங்கள் அதிகாலை வரை 40 மணி. ஆக 33 அம்பியர் மணி, பற்றரியின் பாதி. புதிய பற்றரியானால் பிழைத்திருக்கவுங்கூடும். மூன்று வயதான பற்றரி, டீசல் இயந்திரத்தைச் சுழற்றும் பலத்தை இழந்துவிட்டது.

புது விளக்கு எரிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பழி அதன்மேல் விழுந்தது. பழைய விளக்கு எரிந்தது தெரியவில்லை, அது தப்பித்துக்கொண்டது. தவறு மகனுடையதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தை சொன்ன தவறு வேறு, நடந்த தவறு வேறு. "ஆளியைப் பார்க்காமல் விட்டது என் பிழைதான், அப்பா" என்று பையன் தானாகவே சொன்னான். மைத்துனர் சிறிது நேரம் பேசாதிருந்து, "சரி, முதல்ல வந்து தேத்தண்ணியைக் குடி" என்றார். எங்கள் ஊரில் தந்தைமார் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான்.

நோய்க்கு மருந்தா, வலிக்கு மருந்தா?

அணைய மறுக்கும் விளக்குக்குப் பலரும் சொல்லும் மருந்து, விளக்குக்குச் சமாந்தரமாக ஒரு தடையியைப் பொருத்துவது. 1,000 ஓம் தடையும் அரை வாற்றுத் தாங்கும் வலுவும் கொண்ட சிறு தடையி போதுமானது, விலையும் அற்பம். கசியும் 2 மில்லியம்பியரும் அதன் வழியே சென்றுவிடும். விளக்கின் இரு முனைகளுக்கிடையே 2 வோல்ற்றுக்கு மேல் ஏறாது. மூன்று பளிங்குகள் தொடராக உள்ள வெள்ளை விளக்கு ஒளிர ஏறக்குறைய 8 வோல்ற்றாவது வேண்டும். ஆகவே அது அமைதியாக உறங்கும். விளக்கு முழுதாக எரிகையில் அத்தடையி 14 மில்லியம்பியரை வீணாக்கும், அது பொருட்டன்று.

ஆயினும் இம்மருந்தை எங்கே கொடுப்பது என்று அறிந்து கொடுக்க வேண்டும். சில வண்டிகளில் கசிவு நோயன்று. செய்தவர்களே வைத்த ஏற்பாடு. இருளில் ஆளியைக் காட்டுவதற்கென்று அதனுள் எரியும் பொட்டு விளக்கும், விளக்கை மெல்ல மெல்ல அணைக்கும் மின்சாதனமும் சிறிது மின்னைக் கசியவிடும். அங்கே தடையி தகுந்த மருந்து. எங்கள் வண்டியிலோ கசிவுக்குக் காரணம் உப்பும் வெடித்த உறையும். அங்கே தடையியைப் போடுவது, நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பது போலாகும்; களிம்பு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே புதிய ஆளியும் உறையும் பூட்டி, தொடுமுனைகளைத் துடைத்து, மெல்லிய மசகு பூசினோம். மங்கல் வெளிச்சம் மறைந்தது.

ஏனைய தொல்லைகள்

புதிய விளக்கைப் பூட்டியதும் அது எரியவே இல்லையென்றால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். இருவாயி ஒரு திசையில் மாத்திரமே மின்னை விடும். விளக்கைக் கழற்றி முனை மாற்றிப் பூட்டுங்கள், பெரும்பாலும் எரிந்துவிடும்.

இரண்டாவது, நீளம். இரு முனையிலும் பித்தளைத் தொப்பி அணிந்த குழாய்க் குமிழ்கள் 31, 36, 39, 41 மில்லிமீற்றர் என்று பல நீளங்களில் உள்ளன. பழையதை அளந்தே புதியதை வாங்க வேண்டும். குறுகியது ஓட்டத்தில் நழுவும். நீண்டதைத் திணித்தால் பிடியின் வில்விசை கெடும். நழுவிய தொப்பி இரும்பைத் தொட்டால் உருகி எரியும். பல வண்டிகளில் அந்த ஓர் உருகியே மணிக்கூட்டையும் வானொலியையும் காப்பதால், விளக்கை மாற்றப் போனவர் "வானொலியும் செத்துவிட்டது" என்று தலையிற் கை வைப்பதுண்டு. வேலை தொடங்கு முன் அவ்வுருகியைக் கழற்றி வைப்பதே புத்தி.

மூன்றாவது, சில வாரங்களிலேயே விளக்குக் கருகுவது. '12 வோல்ற்று' என்று அட்டையில் எழுதியிருக்கும். ஆனால் இயந்திரம் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14.4 வரை ஏறும். மலிவான விளக்கில் 9 வோல்ற்று உண்ணும் மூன்று பளிங்குகளோடு 150 ஓம் தடையி ஒன்று மாத்திரம் இருக்கிறது என்று கொள்வோம். 12 வோல்ற்றில் மிச்சம் 3. மின்னோட்டம் 20 மில்லியம்பியர். 14.4இல் மிச்சம் 5.4, மின்னோட்டம் 36 மில்லியம்பியர். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதும் ஓட்டம் இரு மடங்கை நெருங்கிவிட்டது! அடைத்த மூடிக்குள் அந்த வெப்பத்துக்கு வழியுமில்லை. ஆகவே மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்றுள்ள விளக்கைத் தேடி வாங்குவது நன்று. பஸ், லொறி வைத்திருப்போர் தங்கள் வண்டி 24 வோல்ற்றுக்குரியதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

நான்காவது, வானொலி இரைச்சல். சில விளக்குகளினுள் ஒரு நொடியில் பல்லாயிரந் தடவை திறந்து மூடும் நுண்சுற்று ஒன்றுண்டு. அதுவே சிறு வானொலி நிலையம்போல் இரைச்சலைப் பரப்பும். விளக்கை எரித்தும் அணைத்தும் பார்த்தால், இரைச்சல் வந்து போவதிலிருந்து உண்மை விளங்கும். விளக்கை மாற்றுவதே நேரான பரிகாரம்.

ஓட்டுநரின் கண்

கடைசியாகச் சொல்வதை நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். விற்பனையில் உள்ள விளக்குகளிற் பல, 6,000 கெல்வினைச் சார்ந்த நீலம் கலந்த வெண்மை. அழகுதான், ஆனால் இரவுப் பயணத்தில் அது பகை. இருளுக்கு நம் கண் முழுமையாகப் பழகுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. மங்கலில் காண உதவும் கண்ணின் கோல்கள் நீலத்துக்கும் பச்சைக்கும் வெகு கூர்மையானவை. பின்னாலிருக்கும் பிள்ளை ஏதோ தேடுவதற்காக ஒரு நிமிடம் அவ்விளக்கைப் போட்டாலும், ஓட்டுநரின் அரை மணிச் சேமிப்புக் கரைந்துவிடும். அதோடு முன்கண்ணாடி முழுவதும் வண்டிக்குள் இருப்போரின் சாயலே தெரியும்.

கந்தளாயைத் தாண்டி ஹபறணை நோக்கிச் செல்லும் வீதியை இரவிற் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். காட்டு யானை வீதியைக் கடக்கும் இடம் அது. யானைக்குப் பின்விளக்கு இல்லை. தம்பலகாமத்து வயலோரத்தில் தாரோடு தாராக நிற்கும் எருமைக்கும் இல்லை. நான் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் மறுநாளே நடுவிளக்கை 3,000 கெல்வினுள்ள மஞ்சள் சார்ந்ததாக மாற்றினான். முன்விளக்குக்கு அதனிலும் சிறியதையே தெரிந்தெடுத்தான். பின்விளக்குக்கு அளந்து வாங்கிய 31 மில்லிமீற்றர் குமிழைப் பூட்டி, அதன் ஆளி 'கதவு' நிலையில் இருக்கிறதா என்று இருமுறை பார்த்தான். தந்தை அருகில் நின்று உருகியைக் கையில் வைத்திருந்தார். இம்முறை அவரும் மாணவர்.

சில நாட்களின் பின்னர் அந்த மூதாட்டியைக் கண்டியிலிருந்து அழைத்துவர வேண்டி வந்தது. போன தடவை தவறிய காரணத்தால், மைத்துனர் தாமாகவே போய்க் கேட்டு அப் பயணத்தைப் பெற்றுக்கொண்டார். வாடகை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தம்புள்ளையைக் கடக்கும்போதே இருட்டிவிட்டதாம். கந்தளாய்க்கு அண்மையில் இரண்டு யானைகள் வீதியோரம் நின்றதைத் தூரத்திலேயே கண்டு வண்டியை நிறுத்தி, அவை காட்டுக்குள் போகும் வரை காத்திருந்ததாகச் சொன்னார்.

வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது, மென்மையான மஞ்சள் வெளிச்சம் படியின்மேல் விழுந்தது. ஒரு கண்ணில் கட்டுடன் இருந்த மூதாட்டி, மறுகண்ணால் படியைப் பார்த்துக் காலை ஊன்றி இறங்கினார்.

"இந்த வெளிச்சம் கண்ணைக் குத்தேல்லை, மோனை. ஆர் போட்டது?" என்று கேட்டார்.

"என்ர மகன்" என்றார் மைத்துனர்.

கதவைச் சாத்தினார். விளக்கு அணைந்தது, முற்றாகவே அணைந்தது.